‘அல்லாஹ்’வை அப்படியே விடுகிறார்கள், ‘ஜிஹாத்’தை மட்டும் மொழிபெயர்க்கிறார்கள்

நாகூர்க்காரன்:
அரபு பேசும் ஒருவர் கடவுளைச் சொன்னால் மேற்கத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் பல நேரம் ‘காட்’ என்று எழுதுவதில்லை, ‘அல்லாஹ்’ என்றே விட்டுவிடுகின்றன. கெய்ரோவின் காப்டிக் கிறிஸ்தவரும் அதே சொல்லால்தான் ஜெபிக்கிறார். அரபு பைபிளின் முதல் வசனத்திலேயே அது இருக்கிறது. மால்டாவின் கத்தோலிக்கர்களும் ‘அல்லா’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் படிக்கிறவர் மனதில், முஸ்லிம்களுக்கு ஏதோ தனித் தெய்வம் இருப்பதாகப் பதிந்துவிடுகிறது. ‘ஜிஹாத்’தில் இது தலைகீழ். பாடுபடுதல் என்பதே அதன் வேர்ப்பொருள், அதைப் ‘புனிதப் போர்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சொற்றொடர் குர்ஆனில் எங்குமே இல்லை.

கோவை செல்வம்:
‘அல்லாஹ்’ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ‘ஜிஹாத்’ அப்படி இல்லையே. பழைய ஃபிக்ஹு நூல்களில், அதாவது இஸ்லாமியச் சட்ட நூல்களில், ஜிஹாத் அத்தியாயத்தைத் திறந்தால் படை, போர்க்கைதிகள், கைப்பற்றிய பொருளைப் பங்கிடும் முறை என்றுதான் போகிறது. லண்டனில் உட்கார்ந்து யாரும் அதை எழுதவில்லை. 1998இல் பின்லேடன் தன் கூட்டணியின் பெயரிலேயே ஜிஹாத் என்று வைத்தான். நிருபர் வேறு என்னதான் எழுதுவார்?

நாகூர்க்காரன்:
ஃபிக்ஹு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் போரை யார் அறிவிக்கலாம், பெண்களையும் குழந்தைகளையும் ஏன் தொடக்கூடாது என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. அதை வைத்தே பின்லேடனை மறுத்த உலமாக்கள், மார்க்க அறிஞர்கள், பலர். அவன் சொன்ன பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தச் சொல்லையே அவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

ஆமினா:
ஒரு பெயர் என்ன செய்யும் என்பதை 2010இல் நியூயார்க்கில் பார்த்தோம். நீச்சல்குளம், அரங்கம், தொழுகை இடம் எல்லாம் கொண்ட ஒரு சமூக மையம் திட்டமிடப்பட்டது. உலக வர்த்தக மையம் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதற்கு ‘கிரவுண்ட் ஜீரோ மசூதி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கிரவுண்ட் ஜீரோ என்றால் அந்த வர்த்தக மையம் இடிந்து விழுந்த இடம். இடிபாடுகளின் மேலேயே கட்டுவதாகத்தான் அதைக் கேட்டவருக்குத் தோன்றும். அந்தப் பெயரைத் தவிர்க்கும்படி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் செய்தியாளர்களுக்குச் சொன்னது ஆகஸ்டில். அதற்குள் கோபம் நாடு முழுக்கப் பரவியிருந்தது.

கோவை செல்வம்:
தாமதம்தான். ஆனாலும் திருத்தினார்கள் இல்லையா? ‘இஸ்லாமிஸ்ட்’ என்பதைத் தீவிரவாதிக்கு மாற்றுச்சொல்லாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2013இல் அதே நிறுவனம் விதி வைத்தது. இஸ்லாத்துக்கு வைத்திருந்த ‘முகமதியம்’ என்ற பெயரையும் மேற்கத்திய அறிஞர்களே கைவிட்டுவிட்டார்கள்.

ஆமினா:
எப்போது கைவிட்டார்கள்? கிப் என்ற பெரிய அறிஞரே 1949இல் அந்தத் தலைப்பில்தான் புத்தகம் போட்டார். 1143இல் லத்தீனில் வந்த குர்ஆன் மொழிபெயர்ப்போ தலைப்பிலேயே நபியைப் பொய்த் தீர்க்கதரிசி என்றது. முஸ்லிம்கள் நபியை வணங்குவதாக அல்லவா ‘முகமதியர்’ என்ற சொல் அர்த்தம் கொடுக்கிறது? ஆங்கிலம் வழியாக அது தமிழுக்கும் வந்தது. என் பாட்டியிடம் அப்படிச் சொன்னால் முகம் வாடிவிடும்.

கோவை செல்வம்:
சரி, ‘ஜிஹாத்’ என்றே எழுதட்டும். சொன்னது யார், எந்தப் பொருளில் என்று கூடவே ஒரு வரி சேர்க்கட்டும். ஆனால் அந்தச் சொல்லுக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது எழுதினால் அதையும் மறுப்பேன்.

நாகூர்க்காரன்:
மறுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்த ஒரு வரியைத்தான் நானும் கேட்கிறேன்.