மறு: அன்னோட்டேஷனுக்குத் தமிழ்: ‘குறிப்பேற்றம்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மேல்மலையில் மழை பிடித்துக்கொண்டது. இணையம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அதனால், மரபணு ஆய்வின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் எல்லோருக்குமான பதிலையும் ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படித்தறியும் சீக்வென்சிங்குக்கு ‘வரிசைப்படுத்தல்’ வேண்டாம் என்று கோவை அக்கா சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். கலைந்து கிடப்பதை நாம் அடுக்கினால்தான் அது வரிசைப்படுத்தல். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டின் டிஎன்ஏவில் எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன, நாம் படித்து அறிகிறோம். ‘வரிசையறிதல்’ போதும், புரதத்துக்கும் அதுவே பொருந்தும். ஈஸ்டை ஈஸ்ட் என்றே விடலாம். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘மதுவம்’ அழகான சொல்தான், ஆனால் இந்தப் பக்கத்து மாணவர்களுக்குப் பழக்கமில்லை. ‘நொதி’ என்று சொன்னால் என்சைமோடு குழம்பும். (என்சைம் என்ற சொல்லே ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து ஆக்கியதுதான். குழப்பத்துக்கு அவ்வளவு வயது.)

இனி அன்னோட்டேஷன், அதாவது படித்த வரிசையில் எது மரபணு, அது என்ன செய்கிறது என்று குறித்துவைக்கும் வேலை. ஐயா எழுதியிருந்தது:

> நமக்கு உரை மரபு இருக்கிறது. மூலம் டிஎன்ஏ, அதற்கு நாம் எழுதுவது உரை. ‘உரைகாணல்’ என்றே சொல்லலாமே.

படித்ததும் மனம் அதில் போய் ஒட்டிக்கொண்டது. புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலையைப் பிரித்துப் படிப்பதும், மும்மூன்று எழுத்தாகப் பிரித்து மரபணுவைத் தேடுவதும் ஒரே வேலைதான்; ஓரெழுத்து தள்ளிப் பிரித்தால் பொருள் மாறிவிடும். ஆனால் இரண்டு தடை இருக்கிறது, ஐயா. கணினிக்காரர்கள் ‘உரை’யை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘உரைக்கோப்பு’ என்றால் வேறு பொருள். இரண்டாவது இன்னும் பெரியது. உரையாசிரியர் கையில் பாட்டு முழுதாக இருக்கிறது, எது பாட்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஈஸ்டில் முதல் சந்தேகமே அதுதான்.

1996இல் ஈஸ்டின் வரிசையை அறிந்து முடித்தார்கள். கரு உள்ள உயிரணுக்களில் முழுதும் படித்து முடித்தது அதைத்தான் முதலில். 16 குரோமோசோம், ஏறத்தாழ 1.2 கோடி எழுத்து. அதில் மரபணு எது என்று எப்படிக் கண்டார்கள்? தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே குறைந்தது 100 மூவெழுத்து இருந்தால் மரபணுவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி ஏறத்தாழ 6000 தேறின. 2003இல் நெருங்கிய உறவுள்ள வேறு மூன்று ஈஸ்ட் இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த 6000இல் 500 அளவுக்கு மரபணுவே இல்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். 100க்குக் குறைவானவை என்று முதலில் விட்டுப்போன சில பிறகு உள்ளே வந்தன. எழுதுவதும் அடிப்பதும் திருத்துவதுமாக இன்றுவரை நடக்கிறது. இதை உரை என்பதைவிடக் கணக்கு என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

கணக்கு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கல். எங்கள் வீட்டுக்குப் படிக்கட்டு வயல் இருக்கிறது, மலைப்பூண்டு போடுகிறோம். புலப்படத்தைப் பார்த்தால் எல்லை தெரியும். அடங்கலில் அந்தப் புல எண்ணுக்கு நேரே இந்தப் பசலியில் (வருவாய்த்துறை ஆண்டில்) என்ன பயிர் என்று எழுதியிருக்கும். ஒரு வருடம் எங்கள் வயலில் பூண்டு கணுக்கால் உயரம் நிற்கிறது, அடங்கலில் ‘உருளைக்கிழங்கு’ என்று இருக்கிறது. யாரும் ஏறி வந்து பார்க்கவில்லை, பக்கத்து வயலில் இருந்ததை எங்களுக்கும் எழுதிவிட்டார்கள். அப்பா இரண்டு முறை நடந்து திருத்தினார்.

ஈஸ்டிலும் இப்படியேதான். மரபணுவின் முறைப்பெயர் அப்படியே புல எண்: ஒய்பிஆர்020டபிள்யூ. ஒய் ஈஸ்ட், பி இரண்டாவது குரோமோசோம், ஆர் வலக்கை, 020 குரோமோசோமின் நடுமுடிச்சிலிருந்து (சென்ட்ரோமியர்) எண்ணி வந்த எண், டபிள்யூ டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எது என்பது. இது எல்லை மட்டும். கேலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முதல் அடி எடுத்துவைக்கும் புரதம் இதிலிருந்துதான் வருகிறது என்பது அடங்கல். அதற்குப் பக்கத்தில் ஒரு சான்றுக்குறியும் உண்டு: நேரே சோதனை செய்து எழுதியதா, வேறொரு உயிரின் மரபணுவைப் போல இருக்கிறதே என்று கணினியே எழுதியதா. இந்தக் குறி இல்லாவிட்டால் எங்கள் வயலின் உருளைக்கிழங்கு கதைதான். ஒரு தவறான பெயர் ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு அடுத்த உயிருக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய்விடும்.

நாம் பேச்சில் என்ன சொல்கிறோம்? ‘பட்டாவில் பேர் ஏத்தணும்’, ‘கணக்குல ஏறிடுச்சா?’ அந்த ‘ஏற்று’தான் எனக்கு வேண்டிய வினை. குறிப்பு + ஏற்றம், குறிப்பேற்றம்.

ஒரு சொல்லை வைத்து எத்தனை வாக்கியம் ஓடுகிறது என்று பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். குறிப்பேற்றிய மரபணு, குறிப்பேறாத மரபணு, மறுகுறிப்பேற்றம், குறிப்பேற்றுநர், தானியங்கிக் குறிப்பேற்றம். ‘இந்தப் புரதத்துக்கு இன்னும் குறிப்பு ஏறவில்லை’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஏற்று, ஏறு என்ற இணை நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ‘சிறுகுறிப்பு’ என்ற யோசனையை இதே சோதனையில் ஓட்டினேன், வினையாகவே மாட்டேன் என்கிறது. அதோடு பிள்ளைகளுக்குத் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வருகிறது.

பதிவேற்றத்தோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். வேகமாகப் படித்தால் குழம்பலாம்தான். ஆனால் பதிவேற்றம் என்ற சொல் புழங்கிப்போனதால்தான் குறிப்பேற்றம் காதுக்கு அன்னியமாக இல்லை. அந்த லாபம் பெரிது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மரபணுக்களுக்கு இடையிலுள்ள பகுதியைத் ‘தரிசு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அது வேண்டாம். மேலே சொன்ன 020டபிள்யூவுக்குப் பக்கத்து எண் 019சி. அதுவும் கேலக்டோஸ் வேலைக்காரன்தான். இரண்டும் முதுகோடு முதுகு வைத்து எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. நடுவிலுள்ள சின்ன இடைவெளியில்தான் இரண்டையும் சேர்த்துத் திறக்கும் மதகு இருக்கிறது. கேல்4 என்ற புரதம் வந்து உட்கார அங்கே நான்கு இடம் உண்டு. எங்கள் பக்கம் இரண்டு வயலுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் யார் பட்டாவிலும் இராது, அது இல்லாமல் இரண்டு வயலிலும் பூண்டு இராது. ‘ஓடைப் புறம்போக்கு’ என்று கணக்கில் எழுதியிருக்கும். ‘புறம்போக்கு’ வசைச்சொல்லாகிவிட்டதால் அதையும் நான் முன்மொழியத் தயங்குகிறேன். ‘இடைநிலம்’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொடைக்கானல் மேல்மலையிலிருந்து