பொருத்த வரைபடம் முழுக்கச் சிவப்பு, எங்கே தப்பு?

பழமரநிழல்: பழப்பயிருக்கு நிலம் பொருந்துமா என்று வரைபடம் போடுகிறேன். மழை, வெப்பம், மண், சரிவு எல்லாவற்றையும் வகைப்படுத்தி எடைபோட்டுக் கூட்டினால் பகுதி முழுக்க 'பொருந்தாது' என்று சிவப்பாக வருகிறது. அங்கே ஏற்கெனவே நல்ல தோப்புகள் இருக்கின்றன! தரவு எல்லாம் சரிதான். நாளை அறிக்கை கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

வரப்பு: எந்தப் பயிர்? எந்த மென்பொருள்? உயரத் தரவு எங்கே எடுத்தீர்கள்?

மண்கண்: மண்ணாகத்தான் இருக்கும். சாயில்கிரிட்ஸ் (உலகளாவிய இலவச மண் வரைபடம்) தரவா? அதில் பிஎச் (மண்ணின் அமில, கார அளவு) 10ஆல் பெருக்கித்தான் இருக்கும், 58 என்றால் 5.8. அப்படியே வகைப்படுத்தினால் வரைபடத்தின் ஒரு கட்டம்கூடத் தேறாது.

மூத்தகை: இதே கேள்வி அடிக்கடி வருகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓ 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு வழிமுறையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. எடைகளை எப்படி முடிவு செய்தீர்கள்? ஏஎச்பி (காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காணும் முறை) என்றால், அந்த ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரணாக இல்லையா என்று காட்டும் இசைவு விகிதம் 0.1க்குள் இருக்கிறதா? பொத்தானை அழுத்துவதெல்லாம் நில மதிப்பீடு ஆகாது.

வரப்பு: எடை தப்பினால் அங்கங்கே நிறம் மாறும், மொத்தமும் சிவக்காது. ஏதோ ஒரு தரவு அடுக்கு எல்லாவற்றையும் அடிக்கிறது. எதையாவது நேரடியாக விலக்கியிருக்கிறீர்களா?

பழமரநிழல்: மென்பொருள் கியூஜிஐஎஸ். உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் (விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவு) 30 மீட்டர், இறக்கியது அப்படியே. மாவும் பப்பாளியும். சரிவு 15 பாகைக்கு மேல் என்றால் விலக்கு. ஆற்றோரச் சமதளத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பச்சை தெரிகிறது.

வரப்பு: சரி, அந்தப் பச்சைப் புள்ளிகள்தான் துப்பு. எஸ்ஆர்டிஎம்மில் இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் வரும், டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆயமுறையில். ஒரு கட்டத்தின் அகலம் 0.00028 பாகை, உயரமோ மீட்டரில். மென்பொருள் இரண்டையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்வதால், பக்கத்துக் கட்டம் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தாலே சரிவு கிட்டத்தட்ட 90 பாகை ஆகிவிடும். உயரம் முழு எண்ணாக இருப்பதால், சுற்றியுள்ள கட்டங்கள் எல்லாம் ஒரே எண்ணாக அமைந்த இடத்தில் மட்டும் சரிவு 0 வந்து தப்பித்திருக்கிறது. உயரத் தரவை உங்கள் பகுதிக்கான யூடிஎம் (தூரத்தை மீட்டரில் தரும் ஆயமுறை) மண்டலத்துக்கு மாற்றி, அப்புறம் சரிவு எடுங்கள்.

நீரோட்டம்: அது சரியானாலும் மாவுக்கும் பப்பாளிக்கும் ஒரே வரைபடமா? மாவுக்குப் பூக்கும் முன் வறண்ட காலமோ குளிர்ந்த இரவுகளோ வேண்டும், ஆண்டு மழையை மட்டும் பார்த்தால் அது தெரியாது. பப்பாளி வேரில் தண்ணீர் சில நாள் நின்றாலே மரம் போய்விடும்.

மூத்தகை: அதற்குத்தான் மண்ணின் வடிகால் தன்மைக்குக் கூடுதல் எடை.

நீரோட்டம்: எவ்வளவு எடை கொடுத்தாலும் மழையும் வெப்பமும் நன்றாக இருந்தால் கூட்டலில் ஈடாகிவிடும். அழுகும் வேரை வெப்பநிலை மதிப்பெண் காப்பாற்றாது. வடிகால் மோசம் என்றால் அந்த நிலம் அங்கேயே விழ வேண்டும்.

மூத்தகை: 250 மீட்டர் மண் தரவை வைத்துக்கொண்டு கறாராக வெட்டுவீர்களா? ஒரு கட்டமே 6.25 ஹெக்டேர், அதற்குள் மேடும் இருக்கும் பள்ளமும் இருக்கும். நல்ல நிலமும் சேர்ந்து போகும்.

நீரோட்டம்: அப்போது சந்தேகக் கட்டம் என்று குறித்து, நேரில் போய்க் குழி தோண்டிப் பாருங்கள். கூட்டிப் பூசி மறைப்பதற்கு இது எவ்வளவோ மேல். பழமரம் வைத்துவிட்டு ஐந்தாம் வருடம் பிடுங்கி நட முடியாது.

பழமரநிழல்: சரிவு 89 என்றுதான் இருந்தது. யூடிஎம்முக்கு மாற்றியதும் தோப்புகள் எல்லாம் பச்சை. பிஎச்சும் 10 மடங்காகத்தான் இருந்தது, வகுத்துவிட்டேன். பப்பாளிக்குத் தனியாக ஓட்டுகிறேன். நன்றி.

நீரோட்டம்: வடிகால் அடுக்கை எப்படி வைத்தீர்கள், எடையா விலக்கா?