பிடியரிசி மூட்டையை அவிழ்த்த நாள்

விசுவாசத்தைக் கிரியையில் காட்டிய அனுபவம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். காலை ஆராதனைக்குக் குடை பிடித்துப் போன நாங்கள், மாலையில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய விவரமெல்லாம் பல நாள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது. கரண்ட் போய்விட்டது, போன் அடங்கிவிட்டது, ஆறும் குளமும் வாழைத் தோட்டமும் ஒரே வெள்ளக்காடு.

ஊரில் மேடான இடம் எங்கள் ஆலயம்தான். இருட்டிய பிறகு ஜனங்கள் ஏறி வரத் தொடங்கினார்கள். எங்கள் சபையார் மட்டுமல்ல, எல்லாத் தெருக்காரர்களும். விடியும்போது எண்ணினேன், நூறு பேருக்கு மேல். கைக்குழந்தைகளே ஒன்பது.

நான் ஆலயப் பொருளாளர். பின்னறைச் சாவி என்னிடம். உள்ளே நான்கு மூட்டை பிடியரிசி இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் எங்கள் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே டின்னில் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுப்பார்கள். அதை விற்ற பணம், 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் போகும். அது ஊழியத்துக்கென்று பிரித்து வைத்த அரிசி. கமிட்டி கூடாமல், குருவானவரைக் கேட்காமல் தொடலாமா? அவரோ அன்று வேறொரு ஊரில் மாட்டிக்கொண்டார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஜெபித்தேன். உண்மையில் அது ஜெபமே அல்ல, தயக்கம்.

வாரந்தோறும் அந்த டின்களை வாங்கி அளந்து கொட்டும் பெரியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "வேதத்தில் யாக்கோபு என்ன எழுதியிருக்கிறார் தம்பி? குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்றுதானே? அந்த அரிசி நாங்கள் போட்டது. திற."

திறந்தேன்.

பிடியரிசி என்பது கலப்பு அரிசி. ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. சோறாக வடித்தால் ஒன்று குழையும், மற்றொன்று வேகாது. அதனால் கஞ்சிதான் வழி. விறகெல்லாம் நனைந்துபோயிருந்தது. கழித்துப் போட்டிருந்த இரண்டு பழைய பெஞ்சுகளை உடைத்து எரித்தோம். அசனத்துக்கு, அதாவது ஆலய விருந்துக்கு, வைத்திருந்த பெரிய அண்டாவில் மழைத் தண்ணீரைப் பிடித்து உலை வைத்தோம். உப்புத்தான் இல்லை. இருந்ததும் தண்ணீரில் கரைந்துவிட்டது. உப்பளத்துச் சீமையில் உப்பில்லாத கஞ்சி குடித்தோம். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் குடித்தார்கள்.

மூட்டையை அவிழ்த்தது எனக்கு லேசான காரியம். கடினமானது அன்று மதியம் வந்தது.

மேலத் தெருக்காரர் ஒருவர் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அவருக்கும் வேலித் தகராறு. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த எட்டு வருடமும் ஞாயிறு தவறாமல் ஆராதனை ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சத்தமாகச் சொல்லிவந்தேன். இளைஞர்களை அனுப்பியிருக்கலாம். அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் பெரியம்மா சொன்ன வசனம் என்னை விடவில்லை.

இரண்டு பையன்களோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மார்பளவு தண்ணீர். அவர் திண்ணைக்கு மேலே சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார், தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணாச்சி, கஞ்சி சூடாக இருக்கிறது. வாருங்கள்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு ஆட்டுக்குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மேல் தட்டில் எதையோ துழாவும் சத்தம் கேட்டது. துணியால் வாய் கட்டிய ஒரு ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். ஆலயம் வந்து சேரும்வரை எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. ஆட்டுக்குட்டி மட்டும் கத்திக்கொண்டே வந்தது.

அந்த ஞாயிறு இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சென்னை ரயில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் தவித்ததும், புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசி பருப்பைக் கொண்டுவந்து, கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டதும் பின்னால் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டதும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆண்டவர் எந்த அடுப்பையும் பற்றவைப்பார்.

கமிட்டியில் அரிசிக் கணக்கை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மிஷனுக்குப் போக வேண்டிய தொகையை இரண்டு குடும்பங்கள் ஈடு செய்தன.

வேலித் தகராறு இன்னும் முழுவதுமாகத் தீரவில்லை, உட்கார்ந்து பேசுகிறோம்.

அன்று மாலை அவர் வராந்தாவில் உட்கார்ந்து ஜாடியின் துணியை அவிழ்த்தார். உப்பு நாரத்தங்காய். இரண்டு வருடப் பழசு, கறுத்து மின்னியது. யாரிடமும் கொடுக்காமல் தானே வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் கஞ்சியிலும் ஒரு துண்டு போட்டுக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்தபோது சற்று நின்று, இரண்டு துண்டு போட்டார்.