"ஹூட் யூனிட்" = "உறை எஞ்சின்"?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டீசல் ரயில் எஞ்சின் வகைகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு, "ரோட் ஸ்விட்சர்" என்பதற்குச் "சாலை மாற்றி" என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. வேண்டவே வேண்டாம். அமெரிக்க ரயில்காரர் பேச்சில் ரோட் என்றால் ஊர்விட்டு ஊர் போகும் பாதை. ஸ்விட்சர் என்றால் யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற எஞ்சின், நம்மவர்கள் சொல்லும் ஷண்டிங் எஞ்சின். இரண்டு வேலைக்கும் ஆகிற ஒன்றை ஆல்கோ என்ற அமெரிக்க எஞ்சின் நிறுவனம் 1941-இல் ஆர்எஸ்-1 என்று கொண்டுவந்தது. "இருபணி எஞ்சின்" என்றால் விஷயம் முடிந்தது. ஜிபி-7 என்ற எஞ்சினின் பெயரில் இருக்கும் ஜிபியை (ஜெனரல் பர்ப்பஸ்) "பொதுப்பணி" ஆக்குவதும் சரிப்படாது, ரோடு போடும் துறைதான் நினைவுக்கு வரும்.

சிக்கல் ஹூட் யூனிட்டில்தான், அதாவது டீசலை ஒடுக்கமான மூடிக்குள் வைத்த எஞ்சினில். முக்காடு எஞ்சின், மூக்கு எஞ்சின் என்று வந்தவை எல்லாம் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். தோற்றம் இங்கே விளைவு மட்டுமே. பாரத்தை எது தாங்குகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு 1949-இல் கொண்டுவந்த எஃப்-7, ஜிபி-7 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அதே 16 சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் 567 டீசல். (ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், அதுதான் பெயர்.) அதே 1,500 குதிரைத்திறன், அதே புளோம்பெர்க் போகி (சக்கரங்கள் பூட்டிய அடித்தொகுதி). ஆனால் எஃப்-7-இன் பக்கச் சுவருக்குள் பாலத்தில் இருப்பது போன்ற சட்டங்கள் ஓடுகின்றன. டீசலும் ஜெனரேட்டரும் அழுத்தும் பாரத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதனால் சுவரில் நினைத்த இடத்தில் கதவு வைக்க முடியாது. மெக்கானிக் உள்ளே ஒடுக்கமான நடையில் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார், அப்போதும் பாதி தெரியாது.

ஜிபி-7-இல் பாரம் முழுக்க அடிச்சட்டத்தின் மேல். மேலே இருப்பது கதவுகள் வைத்த தகரம், தலையணைக்கு உறை மாதிரி. கழற்றி வைத்தால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. உறை ஒடுங்கியதால் இரு பக்கமும் நடக்க இடம் கிடைத்தது, மெக்கானிக் வெளியே நின்றே கதவைத் திறந்து சிலிண்டரைத் தொட முடிந்தது. இருபுறமும் பார்வையும் கிடைத்தது. தலைமைப் பொறியாளர் டில்வர்த், தலைமையகத்துக்காரர்கள் கண்ணில் படாமல் நாட்டின் கோடிக்கு அனுப்பிவிடும் அளவுக்கு அவலட்சணமாக ஒரு எஞ்சின் செய்ய நினைத்தார் என்று சொல்வார்கள். அந்த அவலட்சணம் 2,700-க்கு மேல் விற்றது, அடுத்து வந்த ஜிபி-9 நாலாயிரத்தைத் தாண்டியது. ஜிபி-7-க்குச் சற்று முன்னால் அதே பிரிவு கொண்டுவந்த பிஎல்-2 எஞ்சினில் சட்டம் வைத்த சுவரை விடாமல், பின்பார்வைக்காக உடலை மட்டும் சரித்துப் பார்த்தார்கள். அறுபதுகூட விற்கவில்லை. தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால் இந்த பிஎல்-2-வை எந்தப் பக்கம் சேர்ப்பது? பாரத்தை வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஹூட் யூனிட் "உறை எஞ்சின்", எஃப்-7 வகை "தாங்குகூட்டு எஞ்சின்" (பாரம் தாங்கும் கூடு உள்ளது). வெறும் "கூட்டு எஞ்சின்" என்றால் இரண்டு எஞ்சின் சேர்ந்தது என்று படிப்பார்கள்.

இது அமெரிக்கச் சங்கதிதானே, நமக்கு எதற்கு என்று கேட்டவருக்கு: இலங்கையில் 1954-இல் கனடாவிலிருந்து வந்து இறங்கிய எம்-2 ரக எஞ்சின் இதே 567 குடும்பத்து உறை எஞ்சின்தான். ஆல்கோ வடிவமைப்பில் 1962 முதல் இந்தியாவில் ஓடிய டபிள்யூடிஎம்-2-வும் உறை எஞ்சினே. ஓட்டுநர் அறைக்கு ஒரு பக்கம் உறை நீளம், மறுபக்கம் குட்டை. நீளமான பக்கம் முன்னால் வந்தால் சிக்னல் பார்க்கக் கஷ்டம் என்று நம் லோகோ பைலட்டுகள் சலித்துக்கொள்வது அந்த உறையைத்தான். அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் போன்ற ரயில் நிறுவனங்கள், மோதினால் ஓட்டுநருக்குப் பாதுகாப்பு என்று வேண்டுமென்றே நீளப் பக்கத்தை முன்னால் வைத்து ஓட்டின. எது முன்பக்கம் என்ற தகராறு வராமல் இருக்க அடிச்சட்டத்தின் ஓரத்தில் சின்னதாக "எஃப்" (ஃப்ரண்ட், முன்) என்று எழுதிவைப்பார்கள். தமிழில் "மு" போடலாம்!

இந்த நீளப் பக்கமான லாங் ஹூட், குட்டைப் பக்கமான ஷார்ட் ஹூட் இரண்டும் பாக்கி. நீளுறை சரியாக வருகிறது. குற்றுறை என்றால் குற்றம் சொல்வது போல் காதில் விழுகிறது. சிற்றுறை எனலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடலாம்.