பீஜிங்கில் சுட்ட வாத்து: மேசைக்கு வந்த முதல் பத்து நிமிடம்

(பலர் ஒருவர்பின் ஒருவராக எழுதிய குறிப்புகள் இவை.)

பீஜிங்கின் பெரிய வாத்துக் கடைகளில் காசை வீணாக்கச் சுலபமான வழி, உட்கார்ந்ததும் மெனுவில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. அடுப்பிலிருந்து இறங்கி வெட்டு மேடைக்கு வந்த வாத்தின் தோல் மொறுமொறுப்பாக நிற்பது பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. அதற்குமேல் கறியிலிருந்து கிளம்பும் ஆவியே தோலை நனைத்துவிடும். அந்த நேரத்தில் மேசை முழுக்க மீன், இறால், நூடுல்ஸ் என்று பரவிக் கிடந்தால், கொடுத்த பணத்தில் பாதி தட்டிலேயே ஆறிப்போகும்.

எனவே வரிசை முக்கியம். முன்பதிவு செய்யும்போதே வாத்தையும் சொல்லி வைத்துவிடுங்கள். பச்சையாக உள்ளே போனது வெளியே வர 40 முதல் 70 நிமிடம் ஆகும். கடைக்குக் கடை மாறும். காத்திருக்கும் நேரத்துக்குக் குளிர்ந்த சிறு தட்டு ஒன்று போதும். எலும்பு நீக்கிய வாத்துப் பாதத்தைக் கடுகு விழுதில் புரட்டித் தருவது பழைய கடைகளின் அடையாளம். கடுகின் காரம் மூக்கில் ஏறும், குழந்தைகளுக்கு வேண்டாம். சூடான பதார்த்தங்களை வாத்து முடிந்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எது முதலில் தயாரோ அது வரும்.

அளவு: ஒரு முழு வாத்து மூன்று, நான்கு பேருக்கு. இருவர் என்றால் பாதி வாங்கலாம், பல கடைகளில் தருகிறார்கள். ஆனால் மற்ற பாதி வேறு மேசைக்குப் போவதால், வெட்டும் காட்சி உங்கள் மேசையருகே நடக்காமல் போகலாம். வாத்தை மெல்லிய மைதா அப்பத்தில் சுருட்டித்தான் சாப்பிடுவார்கள்; ஆறு பேர் ஒரே வாத்தை நம்பிப் போனால் ஆளுக்குச் சில சுருள்தான்.

இரவு உணவு அங்கே ஐந்தரைக்கே தொடங்கிவிடும். எட்டரைக்கு மேல் போனால், அன்றைக்கு உலர்த்தி வைத்த வாத்து தீர்ந்துவிட்டது என்ற பதில் வரலாம். உடனே வேறொன்றைச் சுட்டுத் தர முடியாது. ஏன் என்பதை அடுப்பு வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

* * *

ஏனென்றால் சுடுவது கடைசி ஒரு மணி நேர வேலை. அதற்கு முந்தைய வேலை இப்போதைய பெரிய கடைகளில் ஒரு நாளுக்குக் குறையாது.

வெள்ளை இறகுள்ள பீஜிங் வாத்து, உயிர் எடை சுமார் 3 கிலோ. மரபான வளர்ப்பில் கடைசி இரண்டு வாரம் தொண்டைக்குள் குழாய் வைத்துத் தீவனத்தைத் தள்ளுவார்கள். தோலுக்கடியில் கொழுப்புப் படலம் சேர்வது அப்படித்தான். இது சிலருக்கு உறுத்தும். தெரிந்துகொண்டு போவது நல்லது.

அறுத்து இறகு நீக்கியதும், கழுத்தில் போட்ட வெட்டு வழியாகத் தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவே காற்றை ஏற்றுகிறார்கள். தோல் பந்துபோல் விம்மும். பிறகு இறக்கைக்கு அடியில் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். குடலும் ஈரலும் அதன் வழியேதான் வெளியே வரும், வயிற்றைப் பிளப்பதில்லை. அதே கீறல் வழியாக விரல் நீளச் சோளத்தட்டைத் துண்டு ஒன்றை உள்ளே நிமிர்த்தி நெஞ்சுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சூட்டில் நெஞ்சு அமுங்கி, அங்கே தோல் சுருங்கிப்போகும்.

அடுத்து, கொக்கியில் மாட்டிக் கொதிநீரை மூன்று நான்கு கரண்டி ஊற்றுவார்கள். துளைகள் இறுகித் தோல் விறைக்கும். அதன்மேல் மால்ட் சர்க்கரைப் பாகு: பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஆறேழு பங்கு. சிவப்பு நிறம் இதனால்தான், சாயம் கிடையாது. பிறகு காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் உலர்த்தல். பழைய முறையில் பருவத்தைப் பொறுத்துச் சில மணி நேரம். இப்போது பெரிய கடைகள் குளிரறையில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிடுகின்றன. விரலால் தொட்டால் காகிதம் மாதிரி இருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அடுப்பின் சூடு அதை ஆவியாக்கவே செலவாகும். தோல் வேகும், மொறுமொறுப்பாகாது.

அடுப்பில் ஏற்றும் முன் பின்பக்கத் துளையைச் சோளத்தட்டை ஆப்பால் அடைத்து, கீறல் வழியாக வயிற்றுக்குள் முக்கால் பங்கு கொதிநீர் ஊற்றுகிறார்கள். இந்தச் சமையலின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. வெளியே சுடும்போது உள்ளே வேகிறது. தோல் காய்ந்தாலும் கறி வறளுவதில்லை.

வாத்தைத் தொங்கவிட்டுச் சுடும் இந்த அடுப்புக்குத் தொங்கும் அடுப்பு என்று பெயர். அதற்குக் கதவு இல்லை. செங்கல் அறையின் வாயருகே கட்டை எரியும். வாத்துகள் அதன் பின்னால் வரிசையாகத் தொங்கும், தீயின் நேர்மேலே அல்ல. சூடு செங்கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து சுடுகிறது. 230 முதல் 250 டிகிரி செல்சியஸ். விறகு இலந்தை, பேரி, ஆப்பிள், பாதாமி போன்ற பழமரங்கள். புகை குறைவு, சூடு நின்று எரியும், மணமும் மென்மை. பிசின் மரத்தை வைத்தால் புகை தோலில் ஒட்டிக் கசக்கும்.

சமையற்காரர் நீண்ட கம்பால் வாத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். முதலில் கீறல் உள்ள பக்கத்தைத் தீயைப் பார்க்க வைப்பது, உள்ளே இருக்கும் நீர் சீக்கிரம் கொதிக்க. பதம் பார்ப்பதும் அந்த நீரை வைத்தே. இளஞ்சிவப்பாக வடிந்தால் இன்னும் வேக வேண்டும். தெளிவாக, எண்ணெய் மினுங்க வடிந்தால் சரியான பதம். பால்போல் வெளுத்து வந்தால் தாண்டிவிட்டது.

* * *

மேலே சொன்னது முழுக்கத் தொங்கும் அடுப்புக் கதை. அது சுவான்ஜூடே கடையின் வழி, 1864-இல் யாங் சுவான்ரென் தொடங்கியது. அதற்கு முன்பே இருந்தது மூடிய அடுப்பு. பியான்யிஃபாங் கடை தன் தொடக்கத்தை 1416 என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே மரபுப்படி அடுப்புச் சுவரைத் தட்டைகளை எரித்துச் சூடேற்றி, தீயைத் தணித்து, வாத்தை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். தீ நாக்கு வாத்தைத் தொடாது. சுவரில் சேர்ந்த சூடு இறங்க இறங்க வாத்து வேகும். நடுவில் திறந்து பார்க்க முடியாது என்பதால் தொடக்கச் சூட்டைக் கணிப்பதில்தான் கைத்திறன். சூடு கூடினால் கருகும், குறைந்தால் வேகாது, திருத்த வாய்ப்பில்லை.

இரண்டு முறைகளும் 2008-இல் சீனாவின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. கறிச்சாறு முக்கியம் என்றால் மூடிய அடுப்பு. தோல்தான் குறி என்றால் தொங்கும் அடுப்பு. சுற்றுலாக்காரர்கள் மூடிய அடுப்பு வாத்தைத் தின்றுவிட்டு ‘தோல் சுமார்’ என்று மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

தாதோங் என்ற கடையின் வாத்து மூன்றாவது வகை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை முடிந்தவரை உருக்கி வடித்துவிடுகிறார்கள். அதனால் அடுப்பில் நேரம் கூடுதல், தோல் கண்ணாடிபோல் உடையும். பழைய சுவை பிடித்தவர்களுக்கு அது கொஞ்சம் காய்ந்ததாகத் தெரியும். என் கட்சி பழையதுதான்.

* * *

சாப்பிடும் முறை பற்றி யாரும் எழுதவில்லையே.

வெட்டுபவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து தள்ளுவண்டியில் வாத்தோடு வருவார். முதலில் நெஞ்சுத் தோலைத் தனியே சீவி ஒரு சிறு தட்டில் வைப்பார். வெள்ளைச் சர்க்கரைக் கிண்ணம் இதற்குத்தான். ஒரு முனையை மட்டும் சர்க்கரையில் தொட்டு அப்படியே வாயில் போட வேண்டும். அப்பமும் வேண்டாம், சாஸும் வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பிறகு கறி. ஒவ்வொரு துண்டிலும் தோல் ஒட்டியிருக்க வேண்டும். அதுதான் வெட்டின் இலக்கணம். ஒரு வாத்திலிருந்து 108 துண்டு என்பது சுவான்ஜூடே வழக்கில் சொல்லப்படும் கணக்கு. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் தோல் இல்லாத சதைத்துண்டுகள் தட்டு நிறைய வந்தால் கை தேராதவர் வெட்டியிருக்கிறார். கடைசியில் தலையை நெடுக்காகப் பிளந்து வைப்பார்கள். மூளை சாப்பிடுவோர் உண்டு. வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடலாம், எடுத்துப் போய்விடுவார்கள்.

மைதா அப்பம் மூங்கில் தட்டில் ஆவியோடு வரும். அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள், எடுத்ததும் மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஓரம் காய்ந்து, மடிக்கும்போது விரியும். ஆறிவிட்டால் மறுபடி சூடுபண்ணித் தரச் சொல்லலாம்.

சுருட்டும் விதம்: சாப்ஸ்டிக்கில் ஒரு வாத்துத் துண்டை எடுத்துச் சாஸில் தொட்டு, அதையே தூரிகையாக்கி அப்பத்தின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். அந்தத் துண்டோடு இன்னும் ஒன்றிரண்டு வைத்து, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி நாலைந்து கீற்று, வெள்ளரி இரண்டு குச்சி. கீழ்ப்பக்கத்தை மேலே மடித்து, இரு ஓரத்தையும் உள்ளே மடித்தால் ஒழுகாது. ஐந்து துண்டு திணித்தால் கிழியும்.

சாஸ் கோதுமை மாவைப் புளிக்கவைத்துச் செய்த இனிப்புச் சாஸ். உப்பும் இனிப்பும் தூக்கல், ஒரு கோடு போதும். கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அப்பமும் சாஸும் இரண்டுமே ஆகாது. இடித்த பூண்டும் வைப்பார்கள். கொழுப்பு திகட்டத் தொடங்கும்போது அதற்கு மாறினால் இன்னும் நாலு துண்டு இறங்கும். எள் தூவிய, உள்ளே கூடான சிறு ரொட்டியும் சில கடைகளில் உண்டு. அதற்குள் பூண்டும் வாத்தும் வைப்பதுதான் பொருத்தம்.

* * *

தட்டைப் பார்த்ததுமே சில குறைகள் தெரிந்துவிடும்.

தோலில் திட்டுத்திட்டாக வெளிறிய நிறம்: பாகு பூசிய இடத்தில் எண்ணெய்க் கை பட்டிருக்கிறது, அல்லது பாகு காய்வதற்குள் இரண்டு வாத்து உரசியிருக்கிறது. தோல் சுருக்கம் விழுந்து சதையோடு ஒட்டிக் கிடந்தால், எங்கோ கிழிந்து, ஏற்றிய காற்று வெளியேறிவிட்டது. இவை அழகுக் குறைகள்தான். நிறத்திட்டால் சுவை பெரிதாகக் கெடுவதில்லை.

கடித்தால் ரப்பர்போல் இழுபடுகிறதா? அது வேறு. உலர்த்தல் போதவில்லை, அல்லது முன்பே சுட்டு விளக்கடியில் காத்திருந்த வாத்து. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆர்டர் சொன்ன கால்மணி நேரத்தில், முன்னால் சொல்லி வைக்காமலேயே, வாத்து வந்து நின்றால் சந்தேகப்படலாம். நல்ல நெரிசலில் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருக்கும் கடையில் அது தற்செயலாகப் புதிதாகவும் இருக்கலாம். வெட்டும்போது பாருங்கள்: கத்தி பட்டதும் தோல் சத்தம் போட வேண்டும், வெட்டில் சாறு கசிய வேண்டும்.

தொடை எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், வாத்துக்கறியின் நிறமே கறுஞ்சிவப்பு. இரத்தம் போல் வடிந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

வெட்டிய துண்டுகளைக் குவியலாக அடுக்கித் தந்தால், அடியில் உள்ளவை மேலே உள்ளவற்றின் ஆவியிலேயே நனையும். வந்ததும் சாப்ஸ்டிக்கால் பரப்பிவிடுங்கள். அல்லது பாதியை வெட்டித் தரச் சொல்லி, மீதியைப் பத்து நிமிடம் கழித்து வெட்டச் சொல்லுங்கள். முழு உடம்பாக இருக்கும்வரை சூடு தாங்கும். கூட்டமில்லாத வேளையில் கேட்டால் செய்கிறார்கள்.

* * *

பில் விஷயம். முழு வாத்து கடையைப் பொறுத்து ஏறத்தாழ 200 முதல் 400 யுவான். இதில் அப்பமும் சாஸும் சேர்ந்ததா, ஆளுக்கு இவ்வளவு என்று தனியா என்பதை ஆர்டர் சொல்லும்போதே கேளுங்கள். தேநீருக்கும் தனியாக வரும். சேவைக் கட்டணத்தை சுவான்ஜூடே 2020-இல் தன் கடைகளில் எடுத்துவிட்டது; வேறு உயர்தரக் கடைகளில் இருக்கலாம். டிப்ஸ் வழக்கம் இல்லை. அலிபே அல்லது வீசாட் என்ற போன் பணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை முன்பே இணைத்துக்கொண்டு போங்கள்.

எலும்புக்கூட்டை விட்டுவிடாதீர்கள். முட்டைக்கோஸ் அல்லது வெள்ளைப் பூசணி போட்டு, பால் நிறம் வரக் கொதிக்கவைத்த சூப்பாகத் தருவார்கள். உப்பு மிளகு போட்டுப் பொரித்தும் தரலாம். எது வேண்டும் என்று வெட்டும் நேரத்திலேயே கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். பொரித்தது நல்ல தேர்வு. பெரிய பானையில் ஏற்கெனவே கொதிக்கும் சூப்பைத்தான் பல கடைகள் ஊற்றுகின்றன.

கவுண்டரில் விற்கும் வெற்றிடப் பொட்டல வாத்து வேண்டவே வேண்டாம். தோல் துணிபோல் தொளதொளக்கும். வாத்துக்கு எண் போட்டுத் தரும் சான்றட்டையை எடுத்துக்கொண்டு வந்தால் போதும், எடையும் இல்லை.

காய்கறி மட்டும் சாப்பிடுபவர் உடன் வந்தால், கீரை வதக்கலைக்கூட இறைச்சிச் சாறும் சிப்பிச் சாஸும் இல்லாமல் என்று தனியே சொல்ல வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் துண்டுகளை மட்டும் விலக்குவார்கள்.

* * *

சிங்கப்பூரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. இங்கேயும் ஹாங்காங்கிலும் உள்ள கான்டனீஸ் (தென்சீன) உணவகங்களில் ‘பீக்கிங் டக்’ என்று கேட்டால், பெரும்பாலும் தோலை மட்டும் சீவி அப்பத்தோடு தருவார்கள். கறி இரண்டாவது சுற்றில் வரும்: பொடியாக நறுக்கி வதக்கி லெட்யூஸ் இலையில் வைத்தோ, நூடுல்ஸில் கலந்தோ. ஏமாற்று வேலை இல்லை, முறையே அப்படி. சாஸும் மாறும், சோயாவில் செய்யும் ஹொய்சின் வகை, இனிப்பு இன்னும் கூடுதல். இரண்டாவது சுற்றுக்குச் சமைக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கறி எங்கே என்று பணியாளரிடம் சண்டைக்கு நிற்கும் முன், மெனுவில் எத்தனை சுற்று என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.