வயசு–சம்பளம் சார்ட்: 125 வயசில் மூன்று புள்ளி, பெண்களுக்குச் சம்பளம் குறைவு. எங்கே பிழை?

செக்ரோல் ஹட்டன்:
தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் (வரவு–சம்பளப் பதிவேடு) 412 பேர். எக்செல்லில் பிறந்த திகதியிலிருந்து எடுத்த வயசு, ஆண்/பெண், கைக்குக் கொடுத்த மாதச் சம்பளம். ஸ்கேட்டர் போட்டால் எல்லாப் புள்ளியும் இடப்பக்கம் ஒட்டிக் கிடக்குது, வலது ஓரத்தில் 125ஐத் தாண்டி மூன்று மட்டும். பிவட்டில் (தொகுத்துக் காட்டும் அட்டவணை) "பெண்" இரண்டு வரியாக வருது. சராசரி பெண்களுக்குக் குறைவு. நாட்சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதானே?

தலவாக்கலை கணக்கு:
அந்த மூவரின் பிறந்த திகதி வெறுமை, தம்பி. வெற்றுக் கட்டத்தை எக்செல் 1900 என்று எடுத்துக்கொள்ளும். அடையாள அட்டை இலக்கத்தில் வருடம் இருக்கு: பழைய அட்டையில் முதல் 2 இலக்கம், புதிய 12 இலக்க அட்டையில் முதல் 4. அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அது 500ஐத் தாண்டினால் பெண். 674 என்றால் 174ஆம் நாள் பிறந்த பெண். ஆண்/பெண் நிரலையும் இதிலேயே எடுங்க. கையால் அடித்ததில் சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும், அதுதான் இரண்டாவது "பெண்".

செக்ரோல் ஹட்டன்:
ஒருவருக்கு அட்டை இலக்கமும் இல்லை. "தெரியாது" என்று போட்டேன். இப்போ கீழ் அச்சு வயசைக் காட்டாமல் 1 முதல் 412 வரை ஓடுதே!

தலவாக்கலை கணக்கு:
வயசு நிரலில் ஒரேயொரு சொல் இருந்தாலும் ஸ்கேட்டர் அந்த நிரலையே கைவிட்டு 1, 2, 3 என்று எண்ணத் தொடங்கும். அந்த வரியை வேறு ஷீட்டுக்கு மாற்றுங்க. அச்சை 15–65 என்று கையால் வையுங்க. ஆண், பெண் இரண்டையும் தனித்தனி சீரீஸாகக் கொடுத்தால்தான் நிறம் பிரியும்.

பதுளை கவ்வாத்து:
சம்பளக் கேள்வியை யாரும் தொடவில்லையே. கைக்கு வந்த காசை வைத்து ஒப்பிடக் கூடாது. 8% ஈபிஎஃப் (சேமலாப நிதி), சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்தபின் மிஞ்சியது அது. முற்பணம் எடுத்தவருக்குப் புள்ளி கீழே விழத்தான் செய்யும். கழிவுக்கு முந்திய தொகையை எடுத்து, அந்த மாதம் விழுந்த பேரால் (ஒரு பேர் என்றால் செக்ரோலில் பதிந்த ஒரு நாள் வேலை) வகுங்க. 24 பேர் போட்டவரையும் 11 பேர் போட்டவரையும் மாதத் தொகையில் பக்கத்தில் வைத்தால் தெரிவது வேலைநாள் வித்தியாசம்தான். அரைப்பேரை 0.5 என்று எண்ணுங்க. கைக்காசுக் கொழுந்துக்கு (கிலோ கணக்கில் காசு கொடுத்துப் பறிப்பிப்பது) பேர் விழாது, ஆகவே அதன் காசையும் சேர்க்காதீங்க. ஸ்டாஃப், கங்காணிமாரைத் தனியாகப் பிரிக்கணும். உங்க ஆண் சராசரியை ஏற்றிவிட்டது அவர்களாகவும் இருக்கலாம்.

பிறகு சராசரி பார் சார்ட் வேண்டாம், பொக்ஸ் பிளொட் போடுங்க (நடுப்பாதி ஆட்களின் தொகையைப் பெட்டியாகக் காட்டும் சார்ட்; எக்செல் 2016 முதல் இருக்கு). பேருக்கான தொகையில் பெண்கள் பெட்டி மேலே நீண்டால் அது நோமுக்கு (ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு) மேல் பறித்த கிலோ. அதற்குப் பிறகும் கீழேயே கிடந்தால் செக்ரோலை வரி வரியாகப் பார்க்கணும்.

செக்ரோல் ஹட்டன்:
வகுத்துப் பார்த்தேன். பெட்டி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஆண்கள் பக்கம் உயரத்தில் தனியாக நின்ற 6 புள்ளியும் ஸ்டாஃப்.