நியூயார்க் குவீன்ஸ் கவுன்டியில் கிரிமினல் கண்டெம்ப்ட்: எப்படியும் 'டிஸ்கான்'லதான் முடியும்னா கேஸ் எதுக்கு?

ராகவன்_ஃப்ளஷிங்:
என்னோட முன்னாள் ரூம்மேட் தம்பிக்கு நடந்தது. புருஷன் பொண்டாட்டி சண்டை, பக்கத்து வீட்டுக்காரர் 911 அடிச்சுட்டார். மறுநாள் கியூ கார்டன்ஸ் கோர்ட்ல ஜட்ஜ் ஸ்டே-அவே ஆர்டர் போட்டார்: வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன், மெசேஜ் எதுவும் கூடாது. கொஞ்ச நாள்ல மனைவியே "பாப்பாவுக்குக் காய்ச்சல், வாங்க"ன்னு வாட்ஸ்அப் பண்ணியிருக்காங்க. போனார். லிஃப்ட்ல பார்த்த அதே பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்ல, மறுபடியும் விலங்கு. இப்போ கிரிமினல் கண்டெம்ப்ட், அதாவது கோர்ட் ஆணையை மீறி அவமதிச்ச குற்றம், செகண்ட் டிகிரி. வக்கீல் என்னடான்னா "இதெல்லாம் கடைசியில டிஸ்கான்ல முடிஞ்சிடும், விடுங்க"ங்கறார். டிஸ்கான்னா 'டிஸ்ஆர்டர்லி கண்டக்ட்', பொது ஒழுங்கைக் கெடுத்தது, அவ்வளவுதான். சட்டப்படி அது கிரைமே கிடையாது. அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? கூப்பிட்டது மனைவி. கோர்ட்டை யார் அவமதிச்சா?

மதுரை_மீனா:
ஆர்டர் போட்டது மனைவி இல்லையே சார், ஜட்ஜ். நியூயார்க் ஆணையைப் படிச்சுப் பாருங்க. பாதுகாக்கப்படுறவர் சம்மதிச்சாலும் ஆணை அமலில் இருக்கும், அதை மீறினதா அவரைக் கைது பண்ண முடியாதுன்னு அந்தத் தாள்லயே அச்சடிச்சிருக்கும். இந்த மாதிரி வீடுகளுக்குத் துணைக்குப் போய்ட்டு வர்றவ நான். அந்த "வாங்க" மெசேஜுக்குப் பின்னாடி எத்தனை பேரோட போன் இருக்கும், வாடகை எவ்வளவு பாக்கி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கும் அந்த டிஸ்கான் மேல கோபம்தான். ஆனா உங்களுக்கு நேர் எதிர்க் காரணத்துக்காக: ரொம்ப மலிவா விடுறாங்க.

சட்டக்கிளி_ஜமைக்கா:
ரெண்டு பேருமே டிஸ்கானை ஏதோ தலையெழுத்து மாதிரி பேசுறீங்க. அது ஏன் அங்கே போய் முடியுதுன்னு சொல்றேன். நான் டிஃபென்ஸ் தரப்பு அலுவலகத்துல பாராலீகல், வக்கீல்களுக்கு உதவியாளர்; வக்கீல் இல்லை. இதைச் சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க.

செகண்ட் டிகிரி, தண்டனைச் சட்டம் 215.50, கிளாஸ் ஏ மிஸ்டிமீனர், அதாவது ஃபெலனிங்கற பெரிய குற்றத்துக்குக் கீழ்ப்படி. உச்சபட்சம் 364 நாள் சிறை. ஆணை இருந்தது, அது இவருக்குத் தெரியும், தெரிஞ்சே மீறினார், இவ்வளவும் அரசுத் தரப்பு நிரூபிக்கணும். முதல் ரெண்டும் சுலபம். ஜட்ஜ் இவர் முகத்துக்கு நேரா படிச்சிருப்பார், இவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். மீறினதைச் சொல்லத்தான் ஆள் வேணும். மனைவி வாக்குமூலத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா ஏ.டி.ஏ. (கேஸ் நடத்துற அரசுத் தரப்பு உதவி வக்கீல்) வேற சாட்சி தேடி அலையணும். நேரமும் காத்திருக்காது. கிளாஸ் ஏ மிஸ்டிமீனர்னா அரசுத் தரப்பு 90 நாளுக்குள்ள விசாரணைக்குத் தயார்னு சொல்லணும். 2020-லேர்ந்து, கையில இருக்கிற ஆதாரத்தை எல்லாம் எதிர்த்தரப்புக்குக் கொடுத்துட்டேன்னு சான்று தாக்கல் பண்ணாம அந்த 'தயார்' செல்லாது. போலீஸ் பாடி-கேம் வீடியோ, 911 ஒலிப்பதிவு, ஆபீசர் குறிப்பு எல்லாம் இதுல அடக்கம். நாள் கரையக் கரைய பேரம் இறங்கும்.

இறங்குற இடமும் ஒண்ணு இல்லை. கேஸ் ரொம்ப பலவீனம்னா ஏ.சி.டி.: குடும்ப வழக்குல ஒரு வருஷம் வரைக்கும் தள்ளிவெச்சு, வம்பு இல்லேன்னா தள்ளுபடி, பதிவையும் சீல் வெச்சு மூடிடுவாங்க. அடுத்தது டிஸ்கான், 15 நாள் வரைக்கும் சிறை இருக்கலாம், பொதுவா நிபந்தனையோட விட்டுடுவாங்க. ஆனா அதோட 2 வருஷப் பாதுகாப்பு ஆணையும் வரலாம். மிஸ்டிமீனராவே ஒத்துக்கிட்டா ஆணை 5 வருஷம் வரைக்கும் போகும். முழு விசாரணை வரைக்கும் போறது அபூர்வம்.

மதுரை_மீனா:
மனைவி வராட்டி கேஸ் நிக்காதுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். 2006-ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல டேவிஸ் எதிர் வாஷிங்டன். அதுவும் நோ-கான்டாக்ட் ஆர்டரை மீறின கேஸ்தான், வாஷிங்டன் மாநிலத்து கிங் கவுன்டியிலேர்ந்து வந்தது. அந்தப் பொண்ணு சாட்சி சொல்லவே வரலை. 911 ஒலிப்பதிவை வெச்சே தண்டனை, அது செல்லும்னு தீர்ப்பு. மனசு இருந்தா மார்க்கம் உண்டு.

இன்னொண்ணு, இதை யாருமே பேச மாட்டேங்கறாங்க. ஸ்டே-அவே ஆர்டரை மீறி கண்டெம்ப்ட்ல தண்டனை வாங்கினவன் 5 வருஷத்துக்குள்ள மறுபடி மீறினா அது ஃபர்ஸ்ட் டிகிரி, ஃபெலனி, 4 வருஷம் வரைக்கும். டிஸ்கான் அந்தக் கணக்குல வராது. முதல் தடவை டிஸ்கான், ரெண்டாவது தடவையும் டிஸ்கான்னா அவன் எப்பவும் முதல் படியிலேயே நிப்பான். சட்டத்துல ஏணி இருக்கு, ஏற விடுறதில்ல.

ராகவன்_ஃப்ளஷிங்:
மேடம், காய்ச்சல்ல இருக்கிற பிள்ளையைப் பார்க்கப் போனவருக்கு ஏணி எதுக்கு? அடிச்சாரா, மிரட்டினாரா?

சரி, வேற வழி கேக்கறேன். ஜமைக்காவுல ஃபேமிலி கோர்ட் இருக்கே. விஷயத்தை அங்கே கொண்டுபோய் முடிச்சுட்டா ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்க முடியாதுதானே? அது சிவில்தான்னு வேற சொல்றாங்க.

சட்டக்கிளி_ஜமைக்கா:
மீனா அக்கா, டேவிஸ் கேஸ்ல அந்தப் பொண்ணு அடி விழுந்துட்டு இருக்கும்போதே பேசினாங்க. அவசர உதவி கேட்ட பேச்சுன்னுதான் அதை ஏத்துக்கிட்டாங்க. இங்கே அப்படி ஒரு அழைப்பு இல்லை. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் இருக்கார், லிஃப்ட் கேமரா இருக்கலாம். அதனால ராகவன் சாரும் தள்ளுபடி ஆயிடும்னு நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். ஏணி பத்திச் சொன்னது சரியான அடி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இரட்டைத் தண்டனை விஷயம் பாதி உண்மை. 2000-ல நியூயார்க்கோட மிக உயர்ந்த கோர்ட்டான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், மக்கள் எதிர் வுட் கேஸ்ல, ஃபேமிலி கோர்ட் கண்டெம்ப்ட்னு தண்டிச்ச அதே போன் அழைப்புகளுக்காக மறுபடி கிரிமினல் கண்டெம்ப்ட் வழக்கு போட முடியாதுன்னு சொன்னது. ஆனா ஃபேமிலி கோர்ட்டும் 6 மாசம் வரைக்கும் சிறைக்கு அனுப்பலாம். அதைவிட முக்கியமா ஒண்ணு: உங்க ஆள் என்ன விசா?

ராகவன்_ஃப்ளஷிங்:
ஹெச்-1பி வேலை விசா. மனைவி அதைச் சார்ந்த ஹெச்-4.

சட்டக்கிளி_ஜமைக்கா:
அப்போ டிஸ்கானா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி. குடியேற்றச் சட்டத்துல பாதுகாப்பு ஆணையை மீறினதுக்குன்னே நாடு கடத்தத் தனிப் பிரிவு இருக்கு. அதுக்கு கிரிமினல் தண்டனையே வேண்டாம். ஆணையோட பாதுகாப்புப் பகுதியை இவர் மீறினார்னு ஒரு கோர்ட் தீர்மானிச்சாப் போதும். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2017-ல இதைச் சொன்ன வழக்கே நியூயார்க் செகண்ட் டிகிரி கண்டெம்ப்ட்லேர்ந்து போனதுதான். அடிக்கணும்னு இல்லை, தொடர்பு கொள்ளக் கூடாதுங்கற வரியை மீறினாலே இதுல மாட்டலாம். கிரீன் கார்டு இருந்தாலும் இதே கதை.

அதனால "சிவில்தானே"ன்னு ஃபேமிலி கோர்ட்ல போய் மீறினேன்னு ஒத்துக்கிட்டா அதுவே அந்தத் தீர்மானம். சில ஏ.டி.ஏ.க்கள் இன்னொரு பேரம் வைப்பாங்க: இப்போ மிஸ்டிமீனர்ல ஒத்துக்கோ, நாங்க சொல்ற சீர்திருத்த வகுப்புக்குப் போய் முடிச்சுட்டு வா, அப்புறம் அதை வாபஸ் வாங்கிட்டு டிஸ்கான் தர்றோம். இங்கே பிறந்தவனுக்கு நல்ல பேரம். விசாக்காரருக்குக் கண்ணி; அப்புறம் வாபஸ் ஆனாலும் முதல்ல ஒத்துக்கிட்டதைக் குடியேற்றத் தரப்பு பிடிச்சுக்கலாம். இதை முன்னாடியே எச்சரிக்கிறது டிஃபென்ஸ் வக்கீலோட கடமைன்னு 2010-ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட படீயா (Padilla) தீர்ப்புலயே இருக்கு. "விடுங்க"ன்னு சொல்ற வக்கீலை அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க.

யாழ்_வாசன்:
நான் இடைக்கிடை கோர்ட்டில தமிழ் மொழிபெயர்ப்புக்குப் போறனான். ஒருத்தற்ற கேசையும் இங்க கதைக்கேலாது, பொதுவாச் சொல்லுறன். டிஸ்கான் எண்டாலும் ஜட்ஜ் சும்மா விடமாட்டார், என்ன செய்தனீர் எண்டு கேப்பார். அதில "சத்தம் போட்டு ஆக்களுக்குத் தொந்தரவு குடுத்தன்" எண்டு சொல்லுறதுக்கும் "ஆணை இருக்கெண்டு தெரிஞ்சும் வீட்ட போனன்" எண்டு சொல்லுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்ன வசனம் எண்டு வக்கீலும் ஏ.டி.ஏ.யும் முன்கூட்டியே கதைச்சு வைக்கவேணும். எங்கட சனம் என்ன செய்யும்? நான் பாதி சொல்லி முடிக்கமுன்னமே "யெஸ் யுவர் ஆனர்" எண்டு தலையாட்டுவினம். ஆங்கிலம் தெரியும் எண்டு காட்டுற அவசரம்.

மதுரை_மீனா:
எல்லாரும் சேர்ந்து அவரைக் காப்பாத்தியாச்சு, சரி. அவருக்கு விசா போனா ஹெச்-4 காரிக்கும் சேர்த்துத்தான் போகும். "என்னை மாட்டிவிட்டா நீயும் பொட்டி கட்டணும்"கறது எத்தனை வீட்ல வசனம் தெரியுமா? இவர் கிரீன் கார்டும் இல்லாதவர், அதனால கொடுமைக்கு ஆளான மனைவியா அந்தப் பொண்ணு கிரீன் கார்டுக்குத் தானே விண்ணப்பிக்கிற வழியும் அடைப்பு. மிச்சம் யூ விசா, குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்குத் தர்றது. வருஷத்துக்கு 10,000 தான், வரிசை வருஷக்கணக்குல. அவங்க ஏன் கையெழுத்துப் போடலைங்கறதுக்கு இதையும் ஒரு காரணமா எழுதிக்கோங்க, கிளி. பாசம் மட்டும் இல்லை.

ராகவன்_ஃப்ளஷிங்:
மேடம், நீங்க பாக்கற கேஸ் வேற, இது வேற. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசிட்டு இருக்காங்க. திருச்சியிலேர்ந்து அவர் அம்மாவே மருமகளுக்கு தினம் போன் பண்ணி "கேஸை வாபஸ் வாங்கிடும்மா"ன்னு சமாதானம் சொல்றாங்க.

சட்டக்கிளி_ஜமைக்கா:
ஐயோ சார், அதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. மூணாவது ஆள் மூலமா தொடர்பு கூடாதுன்னு ஆணையில இருக்கும். இவர் சொல்லி அம்மா பேசினா இன்னொரு கண்டெம்ப்ட். கேஸை வாபஸ் வாங்கச் சொல்றது சாட்சியைக் கலைக்கிறது, அது தனிக் குற்றம். மேலும் கேஸ் நடத்துறது டி.ஏ., அதாவது மாவட்ட அரசு வழக்கறிஞர், மருமகள் இல்லை. அவங்க வாபஸ் வாங்க முடியவே முடியாது. பக்கத்து வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில 2016-ல ஃபேஸ்புக்ல டேக் பண்ணினதையே தொடர்புன்னு ஏத்து, கண்டெம்ப்ட் வழக்கைத் தள்ளுபடி பண்ண மறுத்தாங்க.

பிள்ளையைப் பார்க்கணும்னா வக்கீல் மூலமா ஆணையைத் திருத்தச் சொல்லிக் கேட்கட்டும். கிரிமினல் கோர்ட் ஆணையை, பிள்ளை விஷயத்துல ஃபேமிலி கோர்ட் உத்தரவுக்கு உட்பட்டதுன்னு மாத்தித் தர்றது இங்கே வழக்கத்துல உண்டு. மனைவிக்கு உண்மையிலேயே சேர்ந்திருக்க விருப்பம்னா அவங்களே டி.ஏ. அலுவலகத்துல சொல்லலாம். யாரும் பக்கத்துல நிக்காம.

மதுரை_மீனா:
அந்தக் கடைசி வரியை அவர் அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, ராகவன் சார்.